என்ஜினுக்குப் பாட்டு வேண்டாம், மனிதனுக்கு வேண்டும்!

சென்னை மெரினா கடற்கரையின் தெற்கே, மயிலாப்பூரை ஒட்டி இருக்கிறது நொச்சிக்குப்பம். மீனவர்கள் வாழும் ஊர். ஆண்டுதோறும் டிசம்பர் 26-ந் தேதி வந்தால், இந்தக் கரையோரக் குப்பங்களில் மக்கள் கடலில் பால் ஊற்றுவார்கள். பூத் தூவுவார்கள். பெண்கள் கண்ணீர் விடுவார்கள்.

2004-ம் ஆண்டு அதே நாளில்தான் சுனாமி வந்தது!

இந்தோனேசியாவில் சுமத்ரா தீவை ஒட்டி, கடலுக்கு அடியில் பூமி குலுங்கியது. இரண்டரை மணி நேரத்தில் பேரலை சென்னைக்கு வந்துவிட்டது. சென்னையில் 206 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6 ஆயிரத்துக்கும் மேல். எல்லா நாடுகளிலும் சேர்த்து 2 லட்சத்துக்கும் அதிகம்.

பாட்டும் போகுமா?

படகு உடைந்தால் வேறு படகு வாங்கலாம். வலை அறுந்தால் வேறு வலை பின்னலாம். ஆனால் பாட்டு? கடற்கரைப் பாட்டு ஏட்டில் எழுதியது அல்ல. வாய்வழியாக வந்தது. பாடத் தெரிந்தவர் போனால், பாட்டும் அவரோடு போய்விடும்.

அந்தப் பாட்டுகளைத் தேடிப் புறப்பட்டது ஒரு குழு. சென்னையைச் சேர்ந்த "எர்த்சிங்க்" என்ற இசைத்தட்டு நிறுவனம் அது. அலை அடித்த இந்தியா, இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய 6 நாடுகளுக்கும் அந்தக் குழு போயிற்று.

பாடகர்கள் ஸ்டுடியோவைத் தேடி வரவில்லை. ஒலிப்பதிவுக் கருவிகள் அவர்களைத் தேடிப் போயின! அவர்கள் தங்கள் ஊரிலேயே பாடினார்கள். பிறகு ஸ்டுடியோவில் அந்தக் குரல்களோடு புதிய வாத்திய இசை சேர்க்கப்பட்டது.

2007-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் பெயர் "லயா புராஜெக்ட்". கூடவே ஒரு படமும் வந்தது. படத்தில் கதை சொல்லும் குரல் கிடையாது. பாட்டுதான் பேசுகிறது.

நாகூர் தர்காவில் பரம்பரையாகப் பாடிவரும் பாடகர்களின் குரலும் இதில் உண்டு. 2009-ல் அவர்கள் மூவரும் பாடிய தனி இசைத்தட்டே வந்தது.

அம்பாப் பாட்டு

நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது.

துடுப்புப் போடும்போதும், கரைவலை இழுக்கும்போதும் மீனவர்கள் பாடுவது பழைய வழக்கம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். எல்லோர் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் அல்லவா? அதற்குப் பாட்டுதான் தாளம்! இதை "அம்பாப் பாட்டு" என்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்தன. என்ஜின் பூட்டிய பைபர் படகுகள் பெருகின. உடல் வருத்தம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் என்ஜினுக்குப் பாட்டு தேவை இல்லை. அதனால் வாயும் பாட்டை மறக்கிறது.

பாட்டைக் காப்பாற்றப் பெரிய நிறுவனம்தான் வர வேண்டும் என்பது இல்லை. இன்று வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. வீட்டில் பாட்டுத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பேரப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரட்டும். பாடச் சொல்லிப் பதிவு செய்யட்டும். ஆண்டையும், ஊரையும், பாடியவர் பெயரையும் குறித்து வைக்கட்டும்.

வலையைப் பழுது பார்க்க நாளை என்று ஒன்று உண்டு. பாட்டுக்கு இன்றுதான் நாள்!