பல்தட ஒலிக்கோப்புகளைப் பிரித்தெடுத்தலும் மாற்றுதலும்: திருக்கோஷ்டியூர்ச் சேவாகால ஓதலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சூழொலிக் கோப்பினை ஈரொலிக் கோப்பாக மாற்றும்போது, ஒலியோடு பொதிந்துள்ள திசைச் சான்று எவ்வாறு சிதைகிறது என்பதையும், அதனைக் காப்பதற்குரிய மென்பொருள் வழிமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சூழொலி, தடம், பிரித்தெடுத்தல், ஈரொலியாக்கம், ஆம்பிசோனிக்ஸ், சேவாகாலம்.

முன்னுரை

வழிபாட்டு ஓதுதலையும் வாய்மொழி வழக்காறுகளையும் ஆய்வோர்க்கு ஒலிப்பதிவே மூலச்சுவடி. ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் உள்ளதை உள்ளவாறு எழுதினர். பதிப்பாசிரியர் பாடம் தேர்ந்தார். ஒலிக்கோப்பைப் பொறுத்தவரை பிரித்தெடுத்தல் படியெடுப்பதற்கும், மாற்றுதல் பதிப்பிப்பதற்கும் நிகரானவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஒரே கட்டளையில் முடித்துவிடும் பழக்கம் ஆய்வுலகில் பரவலாக உள்ளது. எந்தப் பாடம் கைவிடப்பட்டது என்ற குறிப்பே இல்லாத பதிப்பு அது.

பாண்டிநாட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றான திருக்கோஷ்டியூர் இச்சிக்கலை ஆராய்வதற்குப் பொருத்தமான களம். வைணவக் கோயில்களின் சேவாகாலத்தில் கோஷ்டியார் எதிரெதிரான இரு வரிசைகளாக அமைந்து, பாசுரத்தின் ஒரு பகுதியை ஒரு சாராரும் அடுத்த பகுதியை மறுசாராரும் ஓதும் மரபு உண்டு. எச்சொல்லை எவ்வரிசை தொடங்கியது, எங்கு ஒன்று மற்றொன்றின் மீது படர்ந்தது என்பன நிகழ்த்துதல் ஆய்வில் அடிப்படை வினாக்கள். மேலும், இக்கோயிலின் அட்டாங்க விமானம் அடுக்குகளாக உயர்ந்தது. அவ்வடுக்குகளில் பெருமாள் கிடந்தும் நின்றும் இருந்தும் காட்சி தருகிறார். இராமாநுசர் உயர ஏறி நின்று திருமந்திரத்தை அனைவர்க்கும் அறிவித்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுவதும் இவ்வூரைப் பற்றியே. ஆகவே இடவலத் திசையோடு உயரமும் இங்குப் பொருளுடையது.

பிரித்தெடுத்தல்

தமிழ்ச் சூழலில் பல்தட ஒலி திரைப்படத்தின் வழியாகவே அறிமுகமாயிற்று. ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையிலும், ‘கறுப்பு ரோஜா’ (1996) டி.டி.எஸ். முறையிலும் வெளிவந்தன. காரைக்குடியில் ‘நாம் இருவர்’ (1947) படத்தை உருவாக்கிய ஏவி.எம். நிறுவனம், ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாண வடிவை 2012இல் டால்பி அட்மாஸ் ஒலியுடன் வெளியிட்டது.

5.1 எனப்படும் அமைப்பில் முன்னிடம், முன்வலம், நடு, பின்னிடம், பின்வலம் என ஐந்து முழுத் தடங்களும், ஆழ்ந்த தாழொலிக்கென ஒரு தடமும் உள்ளன. படக்கோப்பிலிருந்து இவற்றைப் பெற முதலில் மீடியாஇன்ஃபோ மென்பொருளால் தடங்களின் எண்ணிக்கை, குறியாக்க முறை, மாதிரி வீதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எஃப்எஃப்எம்பெக் அல்லது எம்கேவிடூல்நிக்ஸ் வழியாக, மறுகுறியாக்கம் செய்யாமல் ஒலியோடையை அப்படியே நகலெடுக்க வேண்டும். இந்த நகலில் ஒரு துணுக்குகூட மாறுவதில்லை. உரிமைச் சட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடமளிக்கிறது, பூட்டுடைத்தல் பற்றிய 65ஏ பிரிவு 2012இல் சேர்க்கப்பட்டது.

மாற்றுதல்

ஈரொலியாக்கத்தில் நடுத்தடமும் பின்தடங்களும் ஏறத்தாழ 0.707 என்னும் பெருக்கெண்ணால் குறைக்கப்பட்டு, இடவலத் தடங்களோடு கூட்டப்படுகின்றன. தாழொலித் தடத்தை எஃப்எஃப்எம்பெக் இயல்பாகவே விட்டுவிடுகிறது. பறை, முரசு ஆகியவற்றின் அதிர்வை அளக்க விரும்புவோர் இதனை அறியாதிருந்தால், இல்லாத ஒன்றை அளப்பர். ஏசி-3 ஓடையை விரிக்கும்போது உரத்த ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் குறிப்பும் இயல்பாகச் செயற்படும். ஒலியளவை ஆய்வில் அதனைச் சுழியாக்குதல் வேண்டும். திரைப்பட உரையாடலில் வட்டார வழக்கை ஆய்வோர்க்கு ஈரொலியாக்கமே தேவையில்லை. உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருப்பதால் அதனை மட்டும் தனியே எடுத்தால் போதும். இசையின் குறுக்கீடு பெரிதும் குறையும்.

கோப்பின் அளவும் ஒரு தடை. 48,000 மாதிரி வீதமும் 24 துணுக்கு ஆழமும் கொண்ட ஆறு தட வேவ் கோப்பு, மணிக்கு ஏறத்தாழ 3.1 ஜிபி இடம் பிடிக்கும். வேவ் வடிவின் எல்லை 4 ஜிபி. ஏறத்தாழ 82 நிமிடத்தில் அது நிரம்பிவிடும். நீண்ட ஓதலுக்கு ஆர்எஃப்64 வடிவமோ, எட்டுத் தடம் வரை இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் வடிவமோ ஏற்றது.

தட வரிசையும் உயரமும்

5.1 அமைப்பில் உயரத்துக்கு இடமில்லை. எனவே திருக்கோஷ்டியூர் போன்ற களத்துக்கு, 1970களில் மைக்கேல் கெர்சோன் முதலியோர் வளர்த்த ஆம்பிசோனிக்ஸ் முறையே பொருந்தும். நான்கு ஒலிவாங்கிகளை ஒரே புள்ளியில் கொண்ட கருவி எல்லாத் திசை ஒலியையும் பதிகிறது. அப்பதிவு நான்கு தடங்களாகிறது: ஒட்டுமொத்த ஒலி, முன்பின் வேறுபாடு, இடவல வேறுபாடு, மேல்கீழ் வேறுபாடு. இவற்றை ஃபியூமா மரபு மேற்கண்ட வரிசையிலேயே அடுக்குகிறது. ஆம்பிஎக்ஸ் மரபோ ஒட்டுமொத்தம், இடவலம், மேல்கீழ், முன்பின் என அடுக்குகிறது. ஜூம் எச்3-விஆர் போன்ற பதிவுக்கருவிகள் இரண்டையும் தெரிவாகத் தருகின்றன. கோப்பின் வெளித்தோற்றத்தைக் கொண்டு எது எதுவென அறிய இயலாது.

கருவறையை நோக்கி, இரு வரிசைகளுக்கும் நடுவே வைத்துச் செய்த ஃபியூமா பதிவை ஆம்பிஎக்ஸ் எனக் கருதித் திறந்தால் நேர்வது இது. முன்னிருந்து வந்த குரல் இடப்புறம் செல்லும். இடவரிசை மேலேயும் வலவரிசை கீழேயும் ஒலிக்கும். மேலிருந்து வந்த ஒலி முன்னே வந்து நிற்கும். ஒரு தளமே உள்ள கோயிலாயின் மேலிருந்து ஓதும் குரல் உடனே ஐயத்தை எழுப்பும். அடுக்கு விமானம் உடைய திருக்கோஷ்டியூரில் அது இயல்பாகவே தோன்றும். பிழை, கண்டுபிடிப்பாகக் கட்டுரையில் ஏறிவிடும் வாய்ப்பு இங்குதான் மிகுதி.

கிராட்ஸ் நகரில் உருவான ஐஇஎம் செருகுநிரல் தொகுப்பை ரீப்பர் மென்பொருளில் இணைத்து, திசைச் சுழற்சி, காதணி கேட்புக்கான மாற்றம் ஆகியவற்றைச் செய்யலாம். இத்தொகுப்பு கட்டணமற்றது. எனினும் மூலப்பதிவின் மரபு இன்னதென்று மென்பொருள் தானே கூறாது. ஓதல் தொடங்குமுன், கோயிலாரின் இசைவோடு, உதவியாளர் ஒருவர் முன்னே நின்று “முன்” என்றும், இடப்புறம் நின்று “இடம்” என்றும், படியேறி நின்று “மேல்” என்றும் சொல்லி ஒவ்வோரிடத்திலும் ஒருமுறை கைதட்டினால் போதும். அம்மூன்று கைத்தட்டல்களும் எத்தடத்தில் வலுத்து விழுகின்றன என்பதை அலைவடிவத்தில் கண்டு, பிற்கால ஆய்வாளர் எவரும் தட வரிசையை மீட்டுக்கொள்ளலாம்.