எருக்கில் தூண் செய்யலாமா?

வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலபுராணமே செடிகொடிகளின் கதைதான். மன்னன் தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் அதை வாளால் வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தின் மேல் வெட்டு விழுந்தது என்பார்கள். சன்னதி முன்னால் நிற்கும் இரண்டு தூண்களும் வெள்ளெருக்கு என்பது மரபு. சி.டி.எச். (சென்னை-திருவள்ளூர்) சாலையோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் எருக்கு, தூணாகும் அளவுக்குப் பருக்குமா? இப்படி ஒரு சந்தேகம் வந்தவருக்குத்தான் தாவர நூல்கள் ருசிக்கும்.

முதலில் படிக்க வேண்டியது பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்'. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார். பள்ளியில் நாம் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு மறந்த பட்டியல் அது. அந்த மாதிரிப் பெயர்களுக்கு உரிய செடி எது என்று தேடியவர் சாமி. கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' அதே பாதையில் இன்னும் விரிவாகப் போகிறது.

அடுத்து ஜே.எஸ். கேம்பிள். வனத்துறை அதிகாரியான அவர் 1915இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுதியை, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் 1936இல் முடித்தார். அதை முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் தூங்கிவிடுவார். செடியைக் கையில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டிய நூல் அது. இலை எதிரெதிரா, மாறிமாறியா? ஒடித்தால் பால் வருகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வழி. சரியாகப் போனால் பெயரில் போய் நிற்கலாம். எருக்கில் பழகலாம், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. திருச்சி ராபினட் தாவரகத்தின் கே.எம். மேத்யூ 1980களில் கொண்டுவந்த நூல்களில் படங்களுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. புதியவர்களுக்கு கேம்பிளைவிட அதுவே இணக்கம்.

எனக்குப் பிடித்தது, மயூரநாதன் 1929இல் சென்னை அருங்காட்சியகத்துக்காக எழுதிய, நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பூக்கும் தாவரங்கள் பற்றிய நூல். அம்பத்தூர் தொழிற்பேட்டை வருவதற்கு முந்தைய மண் அது. இன்று காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தை அதில் தேடிப் பயனில்லை. அந்தக் களை இந்தியாவில் கவனத்துக்கு வந்ததே 1950களில்தான். 1994இல் லிவிங்ஸ்டனும் ஹென்றியும் இதே நகரத்துக்கு மறுபடி ஒரு நூல் செய்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், நம் பக்கத்தில் எது அழிந்தது, எது புதிதாகக் குடியேறியது என்று தேடத் தொடங்கலாம்.