பேச வரும், பாட வராது: நடைப்பயிற்சியின் சரியான வேகம் எது?

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்துக்காக மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 8 கிலோமீட்டரை ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறார், இன்னொருவருக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் வேகம் மணிக்கு 5.3 கிலோமீட்டர், மற்றவருடையது 3.2. முதலாமவர்தான் உடம்பை நன்றாக வேலை வாங்கினார் என்று தோன்றும். ஆனால் அவர் 25 வயதுக் கால்பந்து வீரராகவும், பின்னால் வருபவர் 72 வயதுப் பாட்டியாகவும் இருந்தால்? பையனுக்கு அது சும்மா உலாத்தல். பாட்டிக்கோ அந்த 3.2-லேயே மூச்சு வாங்கியிருக்கும்.

தூரம், வேகம், செல்போன் காட்டும் அடி எண்ணிக்கை மூன்றையும் வைத்து ஒருவர் எவ்வளவு சிரமப்பட்டார் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவர்கள் கேட்பதோ அந்தச் சிரமத்தின் அளவைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். தீவிரமானது என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். தீவிரத்தின் ஒரு நிமிடத்துக்கு மிதத்தின் இரண்டு நிமிடம் என்ற கணக்கு. மிதம் எங்கே முடிகிறது, தீவிரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது.

அதற்குக் காசு செலவில்லாத கருவி வாய். நடந்துகொண்டே சரளமாகப் பேச வருகிறது, ஆனால் பாட வரவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நாலைந்து சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் தீவிரம். பாட்டும் தடையில்லாமல் வந்தால் உடம்பு இன்னும் வேலையே தொடங்கவில்லை. கடற்கரையில் நாலு பேர் வரிசையாக நடந்தபடி, ஒருவரை ஒருவர் இடைமறித்துத் தேர்தல் கணிப்பை அலசிக்கொண்டு வருவார்களே, அவர்களில் பலர் இந்தக் கடைசி வகைதான். சிநேகிதத்துக்கு நல்லது, இதயத்துக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும்.

கேட்க விளையாட்டாக இருந்தாலும் இதன் அடியில் நல்ல உடலியல் இருக்கிறது. நடை கூடக்கூடத் தசைகள் ஆக்சிஜன் கேட்கும், மூச்சும் அதற்கேற்பச் சீராக ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் தசையிலிருந்து வரும் அமிலத்தை ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அடக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக உண்டாகும். அதை வெளியேற்ற மூளை மூச்சை முடுக்கிவிடும். பேச்சோ வெளிமூச்சில் நடப்பது. ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சை அடக்கி, மெல்ல மெல்ல விட வேண்டும். மூச்சும் பேச்சும் ஒரே குழாய்க்கு அடித்துக்கொள்ளும்போது மூச்சுதான் ஜெயிக்கும். பேச்சு தடுமாறும் இடமும், ஆய்வகத்தில் முகமூடி மாட்டி அளக்கிற மூச்சு எல்லையும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் கார்ல் ஃபாஸ்டர் குழுவினர் இதைப் பலவிதமாகச் சோதித்தார்கள். நடப்பவர்களை அந்நாட்டுக் கொடி உறுதிமொழியைச் சொல்ல வைத்து, ‘சிரமமில்லாமல் பேச முடிகிறதா?’ என்று கேட்பார்கள். ‘முடிகிறது... ஆனால்’ என்று இழுக்கிற கட்டம்தான் அந்த எல்லை.

நமக்கு ஒரு குறள் போதும். ஏழு சீர்தான். பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடேறிய பிறகு, வேகத்தைக் குறைக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டடியும் இயல்பாக வந்து, ராகம் போட மட்டும் மூச்சு இடம் தரவில்லையென்றால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். முதலடியின் நாலு சீர் முடிவதற்குள் மூச்சு அறுந்தால் அது தீவிரம். இது ஆய்வகக் கணக்கல்ல, கைக்கணக்கு. மனசுக்குள் சொல்லிக்கொள்வது மட்டும் செல்லாது.

தனியாக நடக்கையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அடியை எண்ணலாம். நாள் முழுக்க எத்தனை அடி என்பதை விட்டுவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று பாருங்கள். நடையை ஆராய்ந்துவரும் கேட்ரின் டியூடர்-லாக் குழுவினரின் கண்டுபிடிப்பு, பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்றால் மிதமான பயிற்சி என்பது. 15 வினாடியில் 25 அடி வந்தால் சரி. பலரும் பிடித்துக்கொண்டிருக்கும் 10,000 அடி என்ற இலக்கு 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவியது. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தும் அதை எட்டிவிடலாம், ஒருமுறைகூட மூச்சு வாங்காமல்.

இதயத் துடிப்புக்கு வருவோம். ஜிம் சுவரிலும் டிரெட்மில்லிலும் எழுதியிருக்கும் சூத்திரம், 220-லிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது உச்சத் துடிப்பு என்பது. அதில் 64 முதல் 76 சதவீதம் மிதம், 77-க்கு மேல் தீவிரம். 55 வயதுக்காரருக்கு உச்சம் 165. மிதமான பயிற்சி 106-லிருந்து 125 வரை. கணக்கு கச்சிதமாக இருக்கிறது, ஆள்தான் அதற்குள் அடங்குவதில்லை. 1971-ல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூவர், அதுவரை வந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு அது. இதை வைத்து மக்களின் பயிற்சியையே ஆள வேண்டும் என்று தாங்கள் நினைக்கவில்லை என ஹாஸ்கெல்லே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரே வயதுக்காரர்களுக்குள் உச்சத் துடிப்பு 10, 12 கூடிக் குறைவது சாதாரணம். சிலருக்கு அதைவிடவும் அதிகம். நம் 55 வயதுக்காரரின் உண்மையான உச்சம் 150 என்றால், ‘மிதம்’ என்று சூத்திரம் சொல்லும் 125 துடிப்பு அவருக்கு 83 சதவீதம். அதாவது நல்ல தீவிரம். உச்சம் 185 உள்ளவருக்கோ 106 துடிப்பு மிதத்தையே எட்டாது.

துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் படிக்கிறது. பட்டை தொளதொளவென்று இருந்தால் சில சமயம் துடிப்புக்குப் பதில் கை வீச்சை எண்ணிவிடும். நாடி பிடித்துப் பார்ப்பதில் எனக்கு இன்னும் நம்பிக்கை உண்டு. கட்டைவிரலுக்கே சொந்தத் துடிப்பு இருப்பதால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வைத்து, நின்ற உடனே 15 வினாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு எண்ணினால் துடிப்பு அதற்குள் இறங்கிவிடும்.

பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனோலால், மெட்டோபிரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அந்த மாத்திரையின் வேலை. ‘இன்னும் 100-ஐத் தாண்டவில்லையே’ என்று அவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. நீண்ட நாள் சர்க்கரையால் நரம்பு பாதித்தவர்களுக்கும் துடிப்பு சரியாக ஏறாது. இவர்களுக்குப் பேச்சுச் சோதனையே மேல். அல்லது ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல். அது 6-ல் தொடங்கி 20-ல் முடிகிறது. இளைஞர்களின் துடிப்பு ஓய்வில் ஏறத்தாழ 60, உச்சத்தில் 200. அதைப் பத்தால் வகுத்து வைத்தார். ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது?’ என்று உங்களையே கேட்டு ஓர் எண் சொல்ல வேண்டும். 13 என்றால் ‘கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் தொடரலாம்’. மிதமான பயிற்சி 12 முதல் 14-க்குள். நம் ஆட்கள் வீம்புக்குக் குறைத்துச் சொல்வார்கள் என்பதுதான் இதில் உள்ள ஒரே சங்கடம்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மே மாதப் புழுக்கம் எல்லா அளவையும் கலைத்துவிடும். வியர்வை காயாததால் உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும். ஜனவரியில் பேச்சோடு போன அதே வேகத்தில் அப்போது மூச்சு முட்டும். அந்தப் புழுக்கத்தில் வேகத்தை விட்டுக்கொடுத்து, மூச்சை அதே அளவில் வைத்துக்கொள்வதே சரி.

பேச்சுச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. நேற்றுவரை பேசிக்கொண்டே ஏறிய மேம்பாலத்தில் இன்று பேச்சு நின்றுபோகிறது, வாரக்கணக்கில் அப்படியே நீடிக்கிறது என்றால் அதைப் பயிற்சிக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. ரத்தசோகைகூடக் காரணமாக இருக்கலாம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் சாதாரண நடையும் தீவிரப் பயிற்சி ஆகிவிடும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ முதலில் இப்படித் தலைகாட்டுவதும் உண்டு. ஹீமோகுளோபின் அளவை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ கூடவே வந்தால் மட்டும் பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்காமல் நடையை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.