தகவல் துளி: பாட்டில் வாழும் இரத்தசாட்சி

1835இல் பாரிஸ் நகரில் 'லா ஜூயிவ்' என்ற இசை நாடகம் அரங்கேறியது. இசையமைத்தவர் ஹாலெவி. கிறிஸ்தவ இளவரசனை நேசித்த ரேச்சல் என்ற யூதப் பெண், மத வெறிக்குப் பலியாகும் கதை அது.

காதலும் மதத் துன்புறுத்தலும் பாட்டாகிய கதை எங்களிடமும் உண்டு. அதுதான் தேவசகாயம்பிள்ளை நாட்டுக்கூத்து. மத்தளமும் தாளமும் முழங்க, அண்ணாவியார் பழக்கிய கலைஞர்கள் கதையைப் பாடியே நடத்துவார்கள்.

கதை நாயகர் நீலகண்டபிள்ளை, 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் அதே விசுவாசத்தை ஏற்று ஞானப்பூ ஆனார். அரசின் கோபம் மூண்டது. சிறை, சவுக்கடி, எருமை மேல் ஊர்வலம் என்று வதைகள் நீண்டன. 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கணவரின் கல்லறை கோட்டாறில். மனைவியின் கல்லறை வடக்கன்குளத்தில். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்.

பாரிஸ் கதையில் வதைத்தவர்கள் கிறிஸ்தவர்கள். இங்கே வதைபட்டவர் கிறிஸ்தவர். கொடுமைக்கு மதம் இல்லை. கோயில் மணியும் தேவாலய மணியும் பாங்கொலியும் ஒன்றாய்க் கேட்கும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் நேயர்களே, அடுத்தவர் நம்பிக்கையை மதிப்போம். உங்கள் ஊரில் கூத்து நடந்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.