வீணையும் காலப்பிரமாணமும்

நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி தேவி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில், சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய கீர்த்தனைகள் நாளுக்கோர் இராகமாக 9 நாளும் பாடப்பெறுகின்றன. முதல் நாள் சங்கராபரணம். ஐந்தாம் நாள் பைரவி. நிறைவு நாள் ஆரபி.

இராகத்தின் சுவை எதனால் பிறக்கிறது? சுருதியாலா? அன்று. ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் பைரவி பைரவியே. சுரங்களின் அமைப்பும், அவற்றை அசைக்கும் கமகமும், அவ்வசைவுக்கு இடந்தரும் காலப்பிரமாணமுமே சுவையை ஆக்குகின்றன.

வீணையில் இது கண்கூடு. அதன் 24 மெட்டுகளில் எங்கு மீட்டினாலும் நாதம் விரைவில் தேய்ந்துவிடும். அது தேயுமுன் இடக்கை விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அதே மீட்டலிலிருந்து அடுத்த சுரத்தையும் எழுப்பவேண்டும். விரைந்தால் அவ்விழுப்புக்கு நேரமில்லை; மிகத் தாழ்த்தினாலோ நாதம் அற்றுப்போம். ஆரபியில் அசைவு குறைவு. ஆதலின் துள்ளுநடை அதற்கு அழகு. பைரவிக்கோ நிதானமே உயிர்.

இளமையில் பைரவிக் கீர்த்தனை ஒன்றைப் பிழையின்றி, ஆனால் விரைந்து வாசித்துப் பெருமிதத்தோடு நிமிர்ந்தேன். "மக்கா, சுரமெல்லாம் வந்தது, பைரவி வரவில்லையே!" என்றார் என் ஆசிரியர். பின்னாளில் வகுப்பறையில் பாடத்தை முடிக்க விரைந்தபோதெல்லாம் அச்சொல்லே என்னைத் தடுத்து நிறுத்தியது.

இனி வீணை கேட்கும்போது, ஒரு மீட்டலில் எத்தனை சுரம் பிறக்கிறதென உற்றுக் கேளுங்கள். சுவையின் இருப்பிடம் புலப்படும்.