பிரஸ் இருக்கும்போதே

உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேள், தம்பி. அவசரமில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப் பள்ளியில் பிரிண்ட்மேக்கிங் முடித்துக் கிளம்புகிற ஒவ்வொருவரிடமும் ஜூனியர்கள் கேட்கிற கேள்விதான் உன்னுடையதும்: "கடைசி வருஷத்துக்குள்ள எனக்குன்னு ஒரு ஸ்டைல் வந்துடணுமாக்கா?"

வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஓவியர் தோட்டா வைகுண்டத்தை எடுத்துக்கொள். 1942-இல் கரீம்நகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். இந்த ஊர் நுண்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, பரோடாவுக்குப் போய் கே.ஜி. சுப்ரமணியனிடம் கற்றார். பெரிய குங்குமப் பொட்டும் பளிச்சென்ற சேலையுமாக நிற்கும் தெலங்கானாப் பெண்களைப் பார்த்தால், கையெழுத்தைத் தேடாமலே இது வைகுண்டம் என்று இன்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பெண்கள் அவருக்குக் கல்லூரியின் கடைசி மதிப்பீடான ஜூரிக்குள் வந்து சேர்ந்தவர்கள் இல்லை. படிப்பெல்லாம் முடிந்து, ஊர் திரும்பி, கரியால் வரைந்து வரைந்து பல வருஷம் கழித்து வந்தவர்கள். சினிமாவுக்குக் கலை இயக்கமும் செய்திருக்கிறார், பி. நரசிங்க ராவின் 'தாசி' படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். ஸ்டைல் எப்போது வரும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. அதுவரை கை ஓயாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசி வருஷத்தில் நீ கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்: கல்லூரியை விட்டுப் போன மறுமாதமும் உன் கை வேலை செய்துகொண்டிருக்குமா?

பெயின்டிங் படிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. ஒரு சுவரும் ஜன்னலும் போதும். நமக்கு அப்படியில்லை. எட்சிங்கில் என்ன நடக்கிறது என்று பொறுமையாக யோசித்துப் பார். துத்தநாகத் தகட்டில் அமிலம் தாக்காத கிரவுண்டு பூசி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலத்தில் இறக்குகிறோம். கீறின இடத்தை மட்டும் அமிலம் தின்று பள்ளமாக்குகிறது. அந்தப் பள்ளத்தில் மையை அழுத்தி நிரப்பி, மேலே தங்கிய மையை மஸ்லின் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்தெடுக்கிறோம். இப்போது மை கோட்டுக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. நனைத்து வைத்த காகிதம் அந்த மெல்லிய பள்ளத்துக்குள் இறங்கி மையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். பிரஸ்ஸின் இரும்பு உருளை தரும் அழுத்தம் இல்லாமல் அது நடக்காது. கையால் எவ்வளவு தேய்த்தாலும் அரைகுறையாகத்தான் வரும். அந்த பிரஸ்ஸை வாடகை அறையின் மூன்றாவது மாடிக்கு யார் ஏற்றுவது? அமிலப் புகையைப் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார்? பட்டம் வாங்கிய கையோடு நல்ல நல்ல எட்சர்கள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். திறமை போய்விட்டதால் இல்லை.

அதனால் எடிஷனை, அதாவது ஒரு தகட்டிலிருந்து எடுக்கும் எண்ணிட்ட பிரதிகள் எல்லாவற்றையும், இங்கேயே முடி. ஜூரிக்கு இரண்டு பிரதி எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு, மீதியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பத்து என்று முடிவு செய்தால் பத்தையும் இப்போதே எடு. அடியில் இடப்பக்கம் பென்சிலால் 1/10, 2/10 என்று எண், வலப்பக்கம் கையெழுத்தும் வருஷமும். சோதனைக்கு எடுத்த தாள்களையும் தூக்கிப் போடாதே. ஒரு தகடு எப்படி வளர்ந்தது என்பதை அவற்றைப் போல வேறெதுவும் உனக்குச் சொல்லாது.

கூடவே, பிரஸ் தேவைப்படாத ஒரு வேலையையும் கைப்பழக்கமாக்கிக்கொள். மரச்செதுக்கும் லினோவும் மேற்பரப்பில் மை ஏற்றும் முறை. மெல்லிய தாளை மேலே வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்செடுக்கலாம், சமையலறை மேடை போதும். நம் பள்ளியில் பாடம் நடத்திய லக்ஷ்மா கௌட் எட்சிங்குக்குப் பேர்போனவர். 1963 முதல் 1965 வரை பரோடாவில் பிரிண்ட்மேக்கிங் கற்றுவிட்டுத் திரும்பியவர், பேனாவும் மையுமாகச் சின்னச் சின்னத் தாள்களிலும் வரைந்து குவித்தார். அவருடைய பேனாக் கோட்டையும் ஊசிக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஒன்றுக்கு ஒன்று ஊட்டம் கொடுத்திருப்பது தெரியும். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

காசு பற்றியும் கேட்டாய். அதற்குச் சென்னைக் கதை ஒன்று இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், படித்து முடித்த பையன்கள் பிழைப்புக்காக வரைவதையே விட்டுவிடுவார்களே என்று கவலைப்பட்டார். பாத்திக் மாதிரியான கைவினைகளைச் சேர்ந்து செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் உருவானது அப்படித்தான். பாத்திக் விற்றதால் அவர்கள் ஓவியம் சின்னதாகிவிடவில்லை. ஆகவே டிசைன் வேலையோ ஸ்கூல் வேலையோ கிடைத்தால் வெட்கப்படாமல் போ. ஆனால் தனியாகப் போகாதே. இந்த வருஷமே உன் பேட்சில் மூன்று பேரைப் பிடி. ஒரு ஷெட், ஒரு சின்ன பிரஸ், வாடகையில் ஆளுக்கு ஒரு பங்கு. படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகச் சிதறிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நடக்காது.

வெளியே காட்டுவதற்கு இடம் இருக்கிறது. மாதாப்பூர் ஸ்டேட் ஆர்ட் கேலரியில் என்ன ஓடுகிறது என்று அடிக்கடி போய்ப் பார். கொச்சி பினாலேயின் பகுதியாக 2014-இல் ஸ்டூடன்ட்ஸ் பினாலே தொடங்கியது. மாணவராக இருக்கும்போதுதான் அந்தக் கதவு திறக்கும். படங்களுக்குக் கண்ணாடி போடும் முன்பே, வெயில் நேராக விழாத பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அளவு, ஊடகம், வருஷம் எழுதிவை.

கடைசியாகத் தகடுகள். மண்ணெண்ணெயில் மையைச் சுத்தமாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துத்தநாகம் பூத்துப்போகாமல் மேலே மெல்லியதாகக் காப்புப் பூச்சு கொடுத்துத் தாளில் சுற்று. எத்தனை பிரதி எடுத்தாய், எந்த மை, எந்தத் தாள் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே வைத்துவிடு.