600 டாலர் நிலம்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ நாவலில் 10 ஏக்கர் நிலம் ஒன்று வருகிறது. சின்ன வீடு, கோழிக்கூடு, கொஞ்சம் பழமரங்கள், முயல்களுக்குப் போடப் பசுந்தீவனம். விலை 600 டாலர். ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு கூலியாட்கள் அந்த நிலத்தைப் பற்றிப் பேசிப் பேசியே நாளைக் கடத்துகிறார்கள். கடைசிவரை ஒருபிடி மண்கூட அவர்கள் கைக்கு வருவதில்லை. 1937இல் வெளியான இந்தச் சிறிய நாவல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல தலைமுறை மாணவர்கள் படித்த பாடநூல். வகுப்பறையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: அந்த இருவரின் நட்பு எப்படிப்பட்டது? கடைசியில் ஜார்ஜ் செய்தது சரியா, தவறா? இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன் கேட்க வேண்டிய ஒன்று விட்டுப்போகிறது. அந்த 600 டாலர் ஏன் சேரவில்லை? இந்த நாவலைக் கூலிக் கணக்காகவும் வாசித்தால்தான் அதன் துயரம் முழுதாக விளங்கும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அப்படி வாசிக்கக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் தோதான ஊர்.

கதை சிக்கலில்லாதது. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், சோலிடாட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணை. அங்கே வேலைக்கு வருகிறார்கள் இருவர். ஜார்ஜ் விவரமானவன். லென்னி பெரிய உடல்காரன், பிள்ளை மனசு, தன் பலம் தனக்கே தெரியாதவன். மெத்தென்ற எதைக் கண்டாலும் தடவிப் பார்க்கத் துடிக்கும் அவன் கையில் முதலில் எலி சாகிறது, பிறகு நாய்க்குட்டி, கடைசியில் பண்ணைக்காரர் மகன் கர்லியின் மனைவி. கூட்டம் அவனைக் கொல்லத் தேடும்போது, நிலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே ஜார்ஜ் தன் கையால் அவனைச் சுட்டுவிடுகிறான். எழுதியவருக்கு இது கேள்விப்பட்ட உலகமல்ல. 1902இல் சலினாஸில் பிறந்த ஸ்டைன்பெக், இளமையில் அந்தப் பண்ணைகளிலேயே கூலிக்கு நின்றவர். 1936 அக்டோபரில், நாடோடி விவசாயக் கூலிகளின் முகாம்களை நேரில் பார்த்து, சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் ஏழு கட்டுரைகள் எழுதினார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக 1939இல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ வந்தது. 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

இனிக் கணக்குக்கு வருவோம். சோறு போட்டு மாதம் 50 டாலர், இதுதான் பண்ணைக் கூலி. அதாவது அந்த 10 ஏக்கரின் விலை ஓர் ஆளின் ஓராண்டுக் கூலி. ஒரு காசும் செலவழிக்காமல் பன்னிரண்டு மாதம் ஒரே இடத்தில் நின்றால் சேர்ந்துவிடும். ஆனால் அறுவடை எந்தப் பண்ணையிலும் பன்னிரண்டு மாதம் நடப்பதில்லை. வேலை முடிந்ததும் ஆள் கிளம்ப வேண்டும், அடுத்த பண்ணைக்குப் போகும்வரை இருப்பதைத் தின்ன வேண்டும். இந்தக் கணக்கில் புதுவழி திறப்பவன் கேண்டி என்ற கிழவன். பண்ணை வேலையில் ஒரு கையை இழந்ததற்கு அவனுக்குக் கிடைத்த நட்டஈடு 250 டாலர். ஒரு மனிதனின் கைக்கு ஐந்து மாதக் கூலி விலை. வங்கியில் 50 டாலர் வைத்திருக்கிறான், மாதக் கடைசியில் இன்னும் 50 வரும். ஆக 350. ஜார்ஜும் லென்னியும் ஒரு மாதம் உழைத்தால் 100. மொத்தம் 450. இதை முன்பணமாகக் கொடுத்தாவது நிலத்தைப் பிடித்துவிடலாம் என்று ஜார்ஜ் நம்பத் தொடங்குகிறான். அதுவரை லென்னியைத் தேற்றச் சொல்லிவந்த கதை அந்த ஒரு மாலையில் நடக்கக்கூடிய காரியமாகிறது. அதற்கு மூலதனம் வெட்டுப்பட்ட ஒரு கை. காலமெல்லாம் உழைத்துச் சேர்த்த கூலியைவிட, இழந்த உறுப்புக்குத்தான் அதிகம் கிடைத்திருக்கிறது. எந்த அலங்காரமும் இல்லாமல் போகிற போக்கில் சொல்லப்படும் இந்தத் தொகைகள்தான் அந்தச் சமூகத்தைப் பற்றிய மிகக் கடுமையான தீர்ப்பு.

பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இன்னொரு விவரமும் அதே பக்கங்களில் இருக்கிறது. பத்து ஏக்கர் ஏன் 600 டாலருக்குக் கிடைக்கிறது? அதன் சொந்தக்காரர்கள் வயதான தம்பதி. கையில் காசில்லாமல் நொடித்துப்போனவர்கள். கிழவிக்கு அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அதனால்தான் விலை இறங்கியிருக்கிறது. கூலிக்காரனின் கனவுக்குக் கதவு திறப்பது இன்னொரு சிறு விவசாயியின் வீழ்ச்சி. இந்த வரியை விருத்தாசலம் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மல்லாட்டையும் முந்திரியும் கரும்பும் விளையும் இந்தச் சுற்றுவட்டாரத்தில், ஏன் நிலத்தை விற்றார்கள் என்று கேட்டால் ஆஸ்பத்திரிச் செலவு, பெண்ணின் கல்யாணம் என்றுதான் பதில் வரும். நிலமில்லாதவனையும் நிலத்தை இழப்பவனையும் இரண்டு தனிக் கதைகளாகப் பார்ப்பது நம் வழக்கம். ஸ்டைன்பெக் இருவரையும் ஒரே பேரத்தில் எதிரெதிரே நிறுத்துகிறார். அந்தப் பேரம் முடிந்திருந்தாலும் ஒருவர் பத்து ஏக்கரில் ஏறியிருப்பார், இன்னொருவர் இறங்கியிருப்பார்.

தனிமையைப் பற்றிப் பேசாமல் இந்த நாவலைப் பாடம் நடத்த முடியாது. அதை மனித மனத்தின் நிரந்தரக் குணம்போலச் சொல்லிவிட்டு நகர்வதுதான் குறை. நாவலில் தனிமை ஏற்பாடு செய்யப்பட்ட ஒன்று. இருவரும் சேர்ந்து வேலைக்கு வந்ததைக் கண்டதும் பண்ணை முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது: லென்னியின் கூலியை ஜார்ஜ் பிடுங்கிக்கொள்கிறானோ? ஒருவனுக்காக இன்னொருவன் இவ்வளவு பாடுபடுவதை அவர் பார்த்ததே இல்லை. ஜார்ஜ் உறவுமுறை சொல்லிப் பொய் பேசித்தான் தப்பிக்கிறான். தனியாளாக வந்து தனியாளாகப் போகிறவன்தான் பண்ணைக்கு வசதி. கூலி உயர்வு கேட்க அவனுக்குத் துணை இருக்காது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் குரூக்ஸ் கறுப்பின மனிதன். மற்றவர்கள் படுக்கும் கொட்டகையில் அவனுக்கு இடமில்லை, லாயத்தை ஒட்டிய அறையில் புத்தகங்களோடு கிடக்கிறான். அவனும் ஒருகணம் அந்த நிலத்தில் தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறான். கர்லியின் மனைவியான வெள்ளைக்காரப் பெண்ணின் ஒரே ஒரு மிரட்டலில் அந்த ஆசையை விழுங்கிக்கொள்கிறான். ஆக, அந்தப் பண்ணையில் நிறமும் வயதும் ஊனமும் பெண்ணாயிருப்பதும் ஆட்களைத் தனித்தனியே பிரித்துவைக்கின்றன. அப்படிப் பிரிந்திருக்கும்வரை 600 டாலர் சேராது. மூன்று பேர் காசைச் சேர்த்துக் கணக்குப் பார்த்த அந்த ஒரு மாலையில் மட்டுமே கணக்கு நேரானது என்பதே இதற்குச் சான்று.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். நம் ஊர்க் கூலிகள் இப்படி ஒற்றையாக அலைந்தவர்கள் அல்லவே? இங்கே வேலையாளை ஊரோடு சேர்த்துக் கட்டிவைத்தது சாதி. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களும் குடும்பம் குடும்பமாகத்தானே போகிறார்கள்? உண்மைதான். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1994இல் வெளியான அந்த நாவலின் நாயகி ஆரோக்கியம், தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி. அவள் குடும்பத்துக்குக் கூலி என்பது களத்தில் அளக்கும் தானியமும் இரவில் வீடுவீடாக வாங்கும் சோறும்தான். அவளால் ஊரை விட்டுப் போக முடியாது. ஜார்ஜால் ஓர் ஊரில் நிற்க முடியாது. ஆனால் இருவரின் கையிலும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆளைக் கட்டிப்போட்டும் ஏழையாக வைத்திருக்கலாம், அலையவிட்டும் வைத்திருக்கலாம் என்பதை இரண்டு நாவல்களையும் அருகருகே வைத்தால்தான் காண முடியும். குடும்பமாகப் புலம்பெயர்பவர்களுக்கோ இன்னொரு கணக்கு. மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் முதலிலேயே செலவாகிவிடுகிறது. பிறகு ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பமே உழைத்து அதைக் கழிக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாதி வருஷத்தில் அறுந்துபோகிறது. ஜார்ஜுக்குக் கூலி வேலைக்குப் பின்னே வருகிறது, இவர்களுக்குக் கடன் வேலைக்கு முன்னே வருகிறது. இரண்டு வழியிலும் மிச்சம் விழுவதில்லை.

அப்படியானால் இமையத்தையே படிக்கலாமே, அமெரிக்க நாவல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வியில் வலு இருக்கிறது. விருத்தாசலத்தில் வாழும் இமையம், பக்கத்து மணக்கொல்லையில் பிறந்த கண்மணி குணசேகரன் ஆகிய இருவரும் இந்த நடுநாட்டு வட்டாரத்துக் கூலிச் சனங்களின் வாழ்க்கையை அவர்களின் பேச்சிலேயே எழுதியவர்கள். வட்டாரச் சொற்களைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தொகுத்தவர் குணசேகரன். ஸ்டைன்பெக்கிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் உண்டு. அவர் நாவலின் ஒரே முக்கியப் பெண்ணுக்குப் பெயரில்லை. கடைசிவரை அவள் ‘கர்லியின் மனைவி’தான். குணசேகரனின் நாவலுக்கோ வயல்காட்டில் உழைக்கும் ஒரு பெண்ணின் பெயரே தலைப்பு: ‘அஞ்சலை’. நிலம் பறிபோவதைப் பற்றிய அவருடைய ‘வந்தாரங்குடி’, நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊரை இழந்தவர்களின் கதை. கலிஃபோர்னிய வயல்களில் பாடுபட்ட மெக்சிகர்களும் ஃபிலிப்பினோக்களும்கூட ஸ்டைன்பெக்கின் இந்தப் பண்ணையில் பாத்திரங்களாக வருவதில்லை. ஆகவே அமெரிக்க நாவலை அளவுகோலாக வைத்து நம்முடையதை அளக்க வேண்டியதில்லை. அஞ்சலையைப் படித்துவிட்டு வருகிற மாணவிக்கு, கர்லியின் மனைவி ஏன் லாயத்தில் பேச்சுத்துணை தேடி அலைகிறாள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். அதேபோல, கேண்டியின் கைக்குக் கொடுத்த விலையைக் கண்டவர் நம் ஊர்க் கதைகளில் காயம்பட்ட உடல்களுக்கு என்ன கிடைத்தது என்று தேடத் தொடங்குவார்.

இலக்கியத்தைக் கூலிக் கணக்காக்கினால் அதன் உயிர் போய்விடாதா, லென்னியின் சாவுக்குக் காரணம் அவன் இயல்புதானே என்பது இன்னொரு மறுப்பு. கூலி கூடியிருந்தால் அவன் கை மென்மையாகிவிடாது என்பது சரி. ஆனால் அவனைப் போன்ற ஒருவன் எங்கே வாழ்ந்திருக்க முடியும் என்பதுதான் கேள்வி. கேண்டியின் கிழட்டு நாய் நாற்றமடிக்கிறது, இனி எதற்கும் உதவாது என்று சொல்லி அதைச் சுட்டுவிடுகிறார்கள். தனக்கும் அதே கதிதான் என்று கேண்டிக்குத் தெரிகிறது. துப்பாக்கிக்குப் பதில், ஒருநாள் தன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். உழைக்கும்வரைதான் இடம் என்பது பண்ணையின் சட்டம். லென்னிக்கு இருந்த வழிகள் சிறை, மனநோய் விடுதி, கூட்டத்தின் வெறி, இல்லையென்றால் ஜார்ஜின் துப்பாக்கி. அவன் யாருக்கும் கேடில்லாமல் முயல் வளர்த்துக்கொண்டு இருந்திருக்கக்கூடிய ஒரே இடம் அந்தப் பத்து ஏக்கர்தான். கணக்கைப் புரிந்துகொண்டு படிப்பவருக்குக் கடைசிக் காட்சி இன்னும் அதிகமாக வலிக்கும். ஜார்ஜ் லென்னிக்குச் சொல்வது கிடைத்திருக்கக்கூடிய ஒரு வீட்டின் விவரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கூலிக்காரன் கையில் மிச்சம் விழாதது விதியல்ல, ஏற்பாடு என்பதற்குச் சட்டத்தின் வரலாறு சான்று. 1935இல் அமெரிக்கத் தொழிலாளர்களுக்குச் சங்கம் சேர்ந்து பேரம் பேசும் உரிமை தந்த சட்டம், விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்தியது. நாவல் வெளிவந்தது அதற்கு இரண்டாண்டு கழித்து. கலிஃபோர்னிய வயல்காட்டு உழைப்பாளிகளுக்கு அந்த உரிமை மாநிலச் சட்டமாகக் கிடைக்க 1975 ஆனது. தமிழ்நாட்டில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து மடிந்த பிறகே, 1969இல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 2006இல் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. சனங்கள் ‘நூறு நாள் வேலை’ என்று அழைத்த அந்தத் திட்டத்தின் அருமை கூலித் தொகையில் மட்டும் இல்லை. ஊரை விட்டுப் போகாமலே கூலி வாங்கலாம் என்ற உறுதியில் இருந்தது. ஜார்ஜுக்கு ஒருபோதும் கிடைக்காதது அதுதான்.

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரமாக்கிய தொழிலையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் தொழிற்பேட்டையும், கைத்திறன் கற்றுத்தரும் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும், மானாவாரி நிலத்தின் நடுவே அமைந்தவை. அச்சில் களிக்குழம்பை ஊற்றி பொம்மையோ மின்சார ஃபியூஸ் கட்டையோ வார்க்கிறவர், மாலையில் சொந்த வீட்டுக்குத் திரும்பலாம், கூட வேலை பார்ப்பவரோடு நாளைக்கும் பேசலாம். அந்தக் கூலி போதுமா என்பது தனியே விவாதிக்க வேண்டியது. நிலையான இடத்தில் நிலையான வேலை என்பது மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கான அடித்தளம் என்பதில் மட்டும் விவாதமில்லை. இங்கே உட்கார்ந்து இந்த நாவலைப் படிக்கும் மாணவர்களிடம், ஜார்ஜ் செய்தது சரியா என்று கேட்பதற்கு முன், ஒரு தாளில் 600 என்று எழுதச் சொல்ல வேண்டும். 50, 250, 350, 450 என்று கீழே எழுதிக்கொண்டு வரட்டும். பிறகு அந்தக் கிழவியின் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் கட்டியிருக்க வேண்டும் என்று கேட்கட்டும். ஜார்ஜைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்பதை அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முடிவுசெய்யலாம்.